துணி வெள்ளையாய்க் காய்கிற நாள்

1

கல்யாண நாளை மறந்தாலும் மறப்பேன், விசா முடிகிற நாளை மறக்கமாட்டேன். இந்த மாதத்தோடு நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஈப்போவுக்கு வந்து பதினொரு வருடம். நிரந்தர வதிவிடத்துக்குப் போட்ட விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறதென்று எங்களுக்கும் தெரியாது, அந்த மேசைக்காரருக்கும் தெரியாது போல. ஆகவே வழக்கம்போலக் கல்யாணப் பதிவின் மூலப்பிரதி, அதற்கு இரண்டு போட்டோப் பிரதி, இவருடைய அடையாள அட்டை, கடைசியில் இவரையும் கூட்டிக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். கணவன் நேரில் வந்து நின்றால்தான் மனைவிக்கு முத்திரை.

கவுண்டரில் இருந்த பெண் இவரைப் பார்த்து, "இன்னும் ஒன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டாள்.

"இண்டைக்குக் காலமை வரைக்கும்," என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, அவளுக்கு மலாயில் "ஆமாம்" என்றார். இவருடைய தாத்தா ரயில்வே கிளாக்கராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மூன்று தலைமுறை தாண்டியும் இந்தப் பகிடி மட்டும் தேயவில்லை.

எல்லாம் சரி, ஒரு கடிதம் குறைகிறது என்றாள் அந்தப் பெண். நான் வேலை செய்வதற்கான முத்திரைக்கு முதலாளியின் புதுக் கடிதம் வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் கொண்டு வரவேண்டும்.

என்ன வேலை என்று ஊரிலிருந்து பலர் கேட்கிறீர்கள். சொன்னால் ஒருவருக்கும் விளங்குவதில்லை, என் அம்மாவுக்கே விளங்கவில்லை. நான் புகை அளக்கிறவள். தொழிற்சாலைகளின் புகைபோக்கியில் ஏணி வைத்திருப்பார்கள். அதில் ஏறி, பக்கத்தில் உள்ள துளைக்குள் நீளக் குழாயை விட்டு, புகையை இழுத்து, அதிலுள்ள தூசியை ஒரு வடிதாளில் பிடிக்கவேண்டும். பிறகு ஈப்போவில் உள்ள எங்கள் லேப்பில் அந்தத் தாளை நிறுத்துப் பார்த்து, அறிக்கை எழுதி, ஒப்பம் வைக்கவேண்டும். அறிக்கை சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போகும்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இலாகாவில் ஆட்கள் குறைவு. அதனால் தன் புகையைத் தானே அளப்பிப்பது தொழிற்சாலையின் கடமை. நாளைக் குறிப்பதும் அவர்கள், எங்களுக்குக் கூலி கொடுப்பதும் அவர்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளையே பரீட்சைத் திகதியையும் வைத்து, திருத்துகிற வாத்தியாருக்குச் சம்பளமும் கொடுக்கிற பள்ளிக்கூடத்தை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? நான் ஆறு வருடமாக அங்கேதான் வாத்தியார்.

2

குடிநுழைவிலிருந்து நேரே லேப்புக்குப் போனேன். என் மேசையில் ஒரு டிஷ்யூ தாள் விரித்திருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"இது நம்ம வீட்டு மேசைத் தூசிலா," என்றார் லெச்சுமி அக்கா. "காலைல தொடச்சேன். நேத்து ராத்திரியும் தொடச்சிட்டுத்தான் படுத்தேன்."

லெச்சுமி அக்கா எங்கள் லேப்பில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிறவர். இருபது வருடமாக அதே தொட்டியடியில் நிற்கிறார். அவர் கழுவிய குடுவையில் ஒரு கீற்று கறை பார்க்க முடியாது. வீடு, கோலா கங்சார் போகிற பாதையில் எட்டாங்கட்டையில், அதாவது எட்டாவது மைலில். அது முன்பு ரப்பர்த் தோட்டம். தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே மலிவு வீடு கட்டிக் கொடுத்தார்கள். மரங்கள் போன இடத்தில் ஒரு மின்நிலையம் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலைகளில் காயெல்லாம் உதிர்த்தபிறகு மிஞ்சுகிற வெறுங்குலைகளை எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையம். நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை, கழிவிலிருந்து மின்சாரம். பத்திரிகைக்காரர், அரசியல்வாதி, பள்ளிக்கூடம், எல்லாருக்கும் பிடித்த நிலையம். என் மகள் அபிகூடப் போன தவணை அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தோடு போய் வந்து, புகைபோக்கியின் உச்சியில் ஒரு பச்சை இலையை வரைந்து, அந்தப் படத்துக்குப் பரிசும் வாங்கினாள்.

"ரெண்டாவது பொய்லர் போடப் போறாங்களாம், கௌரி," என்றார் அக்கா. "சிம்னி நம்ம வரிசைக்கு நேரா பின்னாடி. வேலியில இருந்து எட்டிப் பாத்தா குழி தோண்ட கயிறு கட்டியாச்சு. சூராட் போட்டோம், ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் ஒரே பதில்தான். டெஸ்ட் பாஸ், டெஸ்ட் பாஸ்."

சூராட் என்றால் கடிதம். அந்த 'பாஸ்' யாருடைய ஒப்பம் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

"அடுத்த கிழமையும் ஒண்டு இருக்குது அக்கா," என்றேன். "அது பாஸானால்தான் புதுக் கொதிகலனுக்கு அனுமதி."

"தெரியும்லா. அதான் தொடச்சிட்டு வந்தேன்," என்றார்.

3

சோதனை நாள் காலை ஒன்பது மணிக்கே எட்டாங்கட்டையில் வெயில் சுட்டது. நானும் உதவியாளர் ஒருவரும் கருவிகளைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினோம். அந்த ஏணியில் ஏறும்போது நான் கீழே பார்ப்பதில்லை. தலை சுற்றும். ஆறு வருடமும் அப்படித்தான்.

வடிதாளை வெளியே எடுத்தேன். வெளிறிய சாம்பல் நிறம். விரலால் தட்டினால் போய்விடும் போலிருந்தது. லெச்சுமி அக்காவின் டிஷ்யூ என் பையில்தான் இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே புகைபோக்கி, இரண்டு நிறம். அன்றைக்குத்தான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

முற்றத்தின் ஒரு மூலையில் வெறுங்குலைக் குவியல். மழையில் ஊறிக் கறுத்துப்போய் ஒரு வீட்டுயரத்துக்கு இருந்தது. அதன்மேல் நீலப் படங்கு போட்டு மூடிக் கயிறும் கட்டியிருந்தார்கள். மற்ற மூலையில் புதிதாகக் கொட்டின செம்பனைக் கொட்டை ஓடு, நன்றாகக் காய்ந்தது, கலகலவென்று. அதைத்தான் அள்ளி உலைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ஓடு சுத்தமாக எரியும். ஈரக் குலை கறுப்பாகத்தான் கக்கும்.

இறங்கியதும் உலையடியில் நின்ற குமாரிடம் கேட்டேன். அவர் லெச்சுமி அக்காவின் தம்பி. மின்நிலையம் வந்த நாளிலிருந்து அங்கே வேலை.

"குமார், குலை போடேல்லையா இண்டைக்கு?"

"அலாமாக், இன்னைக்கிப் போடுவாங்களா, அக்கா?" என்று சிரித்தார். "இன்னைக்கிப் பரீட்சைலா. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கோம். ஓடு முந்தாநேத்தே லோரில வந்திருச்சு. நீங்க ஒவ்வொரு தடவ வர்றப்பவும் இப்படித்தானே?"

நான் ஒவ்வொரு முறை வரும்போதும். எனக்குக் காது சுட்டது.

"ஏன் முகம் அப்படிப் போவுது? பொய் ஒண்ணும் இல்லியே," என்றார் குமார். "ஓடும் பயோமாஸ், குலையும் பயோமாஸ்."

அதுதான் இதிலுள்ள சூட்சுமம். பொய் சொன்னவர் ஒருவருமில்லை. படிவத்தில் 'எரிபொருள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு வருடமாக அதில் 'பயோமாஸ்' என்று ஒரு சொல்தான் எழுதி வந்திருக்கிறேன்.

4

ஊர்க் கதையை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டால் மிச்சம் விளங்காது.

சண்டை முடிந்து சில வருடங்கள். நான் அங்கே சுகாதாரக் கந்தோரில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கிய காலம் அது. எங்கிருந்து வந்தது என்று ஊரெல்லாம் ஒரு கதை, கந்தோர்களில் வேறு கதை. யார் பிழை என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் பிழையைச் சொல்லத்தான் வந்தேன்.

பக்கத்து ஒழுங்கைக் கமலா மாமி வீட்டுக் கிணற்றில் மாதிரி எடுக்க என்னை அனுப்பினார்கள். நான் படித்த முறை, கிருமி பார்க்கிற முறை. மேலே மிதக்கிற படையை விலக்கவேண்டும், போத்தலை வாய் மூடியபடி ஒரு முழம் ஆழத்துக்கு இறக்கவேண்டும், அங்கே திறந்து நிரப்பி, அங்கேயே மூடி எடுக்கவேண்டும். அப்படியேதான் செய்தேன். கிணற்றுப் படியில் குந்தி, கையை முழங்கைவரை விட்டுச் செய்தேன்.

"பிள்ளை, மேல மிதக்கிறதை எடு," என்று மாமி பின்னால் நின்று மன்றாடினா. "அதைத்தானே கொண்டுபோய்க் காட்டோணும்?"

"உப்பிடி எடுக்கேலாது மாமி. அதுக்கு ஒரு முறை இருக்கு," என்று சொன்னேன். அந்த வயதில் முறை தெரிந்தவளுக்கு இருக்கிற மிடுக்கு எனக்கும் இருந்தது.

எண்ணெயை விலக்கிவிட்டு எடுத்த தண்ணீரில் எண்ணெய் எப்படி இருக்கும்? 'பாவனைக்கு உகந்தது' என்று அறிக்கை போனது. என் ஒப்பம். ஊர்க் கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து வாசித்தார். பிறகு வேறு ஆட்கள் வந்து, வேறு முறையில் எடுத்து, வேறு முடிவு சொன்னார்கள். ஆனால் அதுவரை மாமி அந்தத் தண்ணீரில்தான் சமைத்தா. எண்ணெய்க்கு வேறு முறை உண்டென்று எனக்கு அப்போது தெரியாது. இங்கே வந்து படித்துத்தான் தெரிந்தது. இதைத்தான் எனக்கு நானே இவ்வளவு காலமும் சொல்லி வந்திருக்கிறேன்.

மாமி என்னை ஏசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தா. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். "இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தா.

5

படிவத்தின் 'எரிபொருள்' கட்டத்தில் இம்முறை இரண்டு வரி எழுதினேன். 'சோதனையின்போது எரிக்கப்பட்டது உலர்ந்த கொட்டை ஓடு மட்டும். முற்றத்தில் இருந்த ஈர வெறுங்குலைக் குவியல் மூடப்பட்டிருந்தது.' குமாரின் பெயரை எழுதவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன்.

மிஸ்டர் லிம் அறிக்கையை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். லேப்பின் சொந்தக்காரர், நல்ல மனிதர். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். சத்தம் போடத் தெரியாது.

"கௌரி, படிவம் கேட்பது எரிபொருளின் வகை. ஒரு சொல் போதும்," என்றார்.

"ஒரு சொல் போட்டால் அது உண்மை, மிஸ்டர் லிம். ஆனால் வாசிக்கிறவர் வேறொன்றை நம்புவார்."

"ஈப்போவில் நாம் மட்டும் லேப் இல்லை," என்றார். பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொன்னார். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "நீ எழுதியதை நான் வெட்டமாட்டேன். ஆனால் புதுக் கொதிகலன் பற்றிய குடியிருப்புக்காரர் கூட்டத்துக்கும் நீயே போ. கேள்வி கேட்டால் நீயே பதில் சொல்."

முத்திரைக்கான கடிதம் அவருடைய மேசையில், அவர் ஒப்பத்துக்காகக் காத்துக் கிடந்தது. என் கண் அதில் போனதை அவர் கண்டார். அவர் கண்டதை நானும் கண்டேன். இரண்டுபேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

வீட்டில் அபிக்குச் சொன்னேன். பத்து வயது. தமிழில் கேட்டால் மலாயில் பதில் வரும், மலாயில் கேட்டால் ஆங்கிலத்தில் வரும், கோபம் வந்தால் மூன்றிலும் வரும்.

"அம்மா, அது கிரீன் எனர்ஜிலா! டீச்சரே சொன்னாங்க. நீங்க ஏன் கெடுக்கிறீங்க? கோல் எரிக்கிறது பெட்டரா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நிலக்கரிக்கு இது மேல்தான். நல்ல காரியம் என்று பெயர் வாங்கிய ஒன்றைக் குறை சொல்வதில் உள்ள சங்கடமே இதுதான், உடனே மற்றப் பக்கத்து ஆளாகிவிடுகிறோம். குலையை உலர்த்தி எரிக்கட்டும், தூசி பிடிக்கிற வடிகட்டி பூட்டட்டும், அதற்குத்தான் சட்டம் என்றேன். அவளுக்கு அலுப்பாக இருந்தது. லெச்சுமி அக்காவின் டிஷ்யூவை மேசையில் வைத்துவிட்டு நான் சமைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அதை மடித்து அவளுடைய பரிசுப் படத்தின் பின்னால் செருகியிருந்தாள். 

6

கூட்டம் எட்டாங்கட்டைப் பொது மண்டபத்தில், ஞாயிறு காலை. முன்வரிசையில் இலாகாவின் அதிகாரி, சின்ன வயது மலாய்ப் பெண். பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினரின் பிரதிநிதி, நம்மவர், மின்நிலைய மேலாளருக்கும் வணக்கம், குடியிருப்புக்காரருக்கும் அதே அளவு வணக்கம். குற்றம் சொல்லமாட்டேன். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் வீட்டுச் சோறு அந்தப் புகைபோக்கிக்குக் கீழே சம்பாதித்தது. மூடச் சொல்லி அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மேலாளர் அறிக்கையை உயர்த்திப் பிடித்து, எல்லா அளவும் வரம்புக்குள் இருக்கிறது என்றார். உயர்த்திப் பிடித்த அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஊர்க் கூட்டத்துப் பெரியவர் ஞாபகம் வந்தார்.

அதிகாரிப் பெண் பக்கங்களைப் புரட்டினாள். எரிபொருள் கட்டத்தில் விரலை வைத்தாள். அந்த இரண்டு வரியையும் சத்தமாக வாசித்தாள்.

"தினமும் இதேதானா எரிப்பது?"

"கலவை மாறும்," என்றார் மேலாளர். "அன்றைக்கு இருந்த இருப்பைப் பொறுத்தது."

"இதை எழுதியது யார்?"

எழுந்தேன். என் மலாய் உத்தியோக மலாய் இல்லை, சந்தை மலாய். "நான்தான் எழுதினேன். கண்டதை எழுதினேன். முந்தின அறிக்கைகளில் எழுதவில்லை. அது என் பிழை," என்றேன்.  மேலாளர் என்னைப் பார்க்கவில்லை, கைபேசியைப் பார்த்தார்.

அப்போது பின்வரிசையில் லெச்சுமி அக்கா எழுந்தார். பக்கத்தில் இருந்த குமார், "அக்கா, பேசாம ஒக்காரு, அக்கா," என்று முந்தானையை இழுத்தார். அக்கா முந்தானையை உருவிக்கொண்டார்.

"நாங்க பெருசா ஒண்ணும் கேக்கல," என்றார். பிரதிநிதி அதை மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். "டெஸ்ட் என்னிக்கின்னு பெக்டரிக்கு முன்னாடியே சொல்றீங்க இல்ல? எங்களுக்கும் ஒரு சூராட் போட்டுடுங்க. அன்னிக்கி மட்டும் வெள்ளத் துணி காயப்போட்டுக்கிறோம்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. குமார்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதிகாரிப் பெண் சிரிக்கவில்லை. "அன்றைக்கு மட்டும் புகை சுத்தமென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"துணி சொல்லும்லா," என்றார் அக்கா. "வருஷத்துக்கு ரெண்டு நாள் பிள்ளைங்க பள்ளிக்கூடச் சட்டை வெள்ளையாவே காயும். எங்க வரிசையில எல்லாருக்கும் தெரியும். நீங்க யாரும் கேக்கல."

ஆறு வருடம் ஏணி ஏறி, இறக்குமதிக் கருவி வைத்து அளந்த எனக்கு இது தெரியாது. ஒரு கொடிக்கயிறு வைத்து அக்கா அளந்திருக்கிறார்.

அதிகாரிப் பெண் நீண்ட நேரம் எழுதினாள். முடிவில் வாசித்தாள்: வழக்கமான எரிபொருளில் மறுசோதனை, நாள் முன்கூட்டி அறிவிக்கப்படாது, அதுவரை இரண்டாவது கொதிகலனுக்கு அனுமதி இல்லை. யாரும் கை தட்டவில்லை. குமார் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று முதலில் எழுந்து போனார்.

இதை வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை. மறுசோதனையை வேறொரு லேப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். குழி தோண்டக் கட்டிய கயிறு இன்னும் வேலிக்குப் பின்னால் கட்டியபடியே இருக்கிறதாம். "இனி அந்த ஏணி உனக்கு இல்லை. முழங்காலுக்கு நல்லது," என்றார் மிஸ்டர் லிம். கடிதம் தந்தார். போன வருடம் 'மூத்த ஆய்வாளர்' என்று இருந்த இடத்தில் இந்த வருடம் 'ஊழியர்' என்று இருந்தது. குடிநுழைவுப் பெண்ணுக்கு அதுவே போதும், முத்திரையைக் குத்திவிட்டாள்.

7

முத்திரை கிடைத்த அன்று மத்தியானம் கமலா மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே காலை ஒன்பதரை. எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன், கல்யாணம், செத்தவீடு, கோயில் கொடியேற்றம் எல்லாம் கதைத்திருக்கிறோம். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருநாளும் கதைத்ததில்லை.

"இப்ப குழாய்த் தண்ணி வருது, பிள்ளை. ஒருநாள் விட்டு ஒருநாள்," என்று மாமிதான் தொடங்கினா.

நான் புகைபோக்கியைச் சொன்னேன், படங்கு போட்டு மூடிய குவியலைச் சொன்னேன், லெச்சுமி அக்காவின் துணியைச் சொன்னேன். மாமி ரசித்துச் சிரித்தா. அந்தச் சிரிப்பின் தைரியத்தில் சொல்லிவிட்டேன். "மாமி, அண்டைக்கு உங்கட கிணத்தில நான் எடுத்த முறை பிழை. எனக்கு அப்ப தெரியாது மாமி. சத்தியமாய்த் தெரியாது."

அந்தப் பக்கத்தில் காகம் ஒன்று கத்துவது கேட்டது.

"பிள்ளை," என்றா மாமி. குரலில் கோபம் இல்லை. "போத்திலை மூடி எடுத்தாப் பிறகு நீ என்னட்டை என்ன கேட்டனி? ஞாபகம் இருக்கோ?"

"இல்லை மாமி."

"சவுக்காரம் கேட்டனி. நான்தான் கொண்டுவந்து தந்தனான். முழங்கை மட்டும் போட்டு ரெண்டு தரம் தேய்ச்சுக் கழுவினனி. நல்ல தண்ணிக்குள்ள விட்ட கையை ஆரும் சவுக்காரம் போட்டுக் கழுவுவினமோ, பிள்ளை?"

 சவுக்காரத்தின் மணம் அப்படியே வந்தது. மாமி தொலைபேசியை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தா.

"ஓம் மாமி," என்றேன். "தெரியும். தெரிஞ்சுதான் எழுதினனான்."